போன் செத்தாலும் சாகாத செய்தி: வணிகர்களும் ஹாம் ரேடியோவும்

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை வலுத்துவிட்டால் நம் மளிகைக் கடைகளில் மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, பால் பவுடர் ஆகிய மூன்றும் முதலில் விற்றுத் தீரும். பிள்ளையார்பாளையத்தில் கடை நடத்துகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் தெரியும். நான்கு நாள் விடாமல் பெய்தால் குழித்தறியில் ஈரம் ஏறும்; பாவு நமுத்துப் போகும்; தறி நிற்கும். தறி நின்றால் நம் சிட்டையில் கடன் ஏறும். ஆகவே மழை நமக்கு வானிலைச் செய்தி மட்டுமல்ல, வியாபாரச் செய்தியும் கூட.

அப்படிப்பட்ட நாட்களில் நமக்கு மிகவும் தேவைப்படுவது தகவல். வேகவதியில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது? மஞ்சள் நீர்க் கால்வாய் எங்கே வழிந்து தெருவுக்குள் வருகிறது? சரக்கு லாரி எங்கே நிற்கிறது? தனியாக இருக்கும் முதியவர் எந்த வீட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறார்? இவற்றைக் கேட்கவும் சொல்லவும் நாம் கையில் எடுப்பது செல்போன். புயலும் வெள்ளமும் வரும் நாளில் முதலில் கைவிடுவதும் அதே செல்போன்தான். அதற்கு மாற்றாக உலகம் முழுவதும் தன்னார்வலர்கள் நடத்திவரும் ஹாம் ரேடியோ பற்றி நம் உறுப்பினர்கள் அறிந்துகொள்வது நல்லது என்பதால் இக்கட்டுரையை வெளியிடுகிறோம்.

செல்போன் ஏன் நின்றுபோகிறது?

செல்போன் டவர் மின்சாரத்தில் ஓடுகிறது. மின்சாரம் நின்றால் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு ஜெனரேட்டர் வேண்டும். ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். சாலையில் மரம் விழுந்து கிடந்தாலோ தண்ணீர் ஓடினாலோ டீசல் போய்ச் சேராது. டவர்களை இணைக்கும் கண்ணாடி இழை கேபிள் ஓரிடத்தில் அறுந்தாலும் அதை நம்பியிருக்கும் டவர்கள் ஊமையாகிவிடும். இவையெல்லாம் சரியாக இருந்தாலும், ஊரே ஒரே நேரத்தில் போன் செய்தால் லைன் கிடைப்பதில்லை.

2015 டிசம்பர் முதல் தேதி பெய்த பேய்மழையில், அப்போது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. சென்னையிலும் சுற்றுப்பகுதிகளிலும் மின்சாரத்தோடு செல்போன் சேவையும் பல இடங்களில் முடங்கியது. மறு ஆண்டு, 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரை கடந்தது. பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் ரொக்கம் இல்லை. மின்சாரமும் நெட்வொர்க்கும் இல்லாததால் கார்டு மெஷினும் வேலை செய்யவில்லை. அந்த வாரம் கடன் நோட்டுதான் ஊரைக் காப்பாற்றியது என்றால் மிகையாகாது. இன்று பெட்டிக்கடையில்கூட கியூ.ஆர். அட்டை தொங்குகிறது. ஆகவே நெட்வொர்க் விழுந்தால் நமக்கு வரும் பாதிப்பு அன்றைவிட இன்று அதிகம். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்ததும், வேகவதிக் கரையோரம் இருந்தவர்கள் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்ததும் நம் நினைவில் இன்னும் பசுமையாக இருக்கின்றன.

ஹாம் ரேடியோ என்றால் என்ன?

அரசிடம் முறையாக லைசென்ஸ் பெற்று, சொந்தச் செலவில் வானொலி நிலையம் வைத்து, லாப நோக்கமின்றி மற்ற நிலையங்களோடு பேசும் பழக்கத்துக்கு அமெச்சூர் ரேடியோ என்று பெயர். அதைச் செய்பவர் ஹாம். ஒவ்வொருவருக்கும் அரசு ஓர் அழைப்புக் குறியீடு தருகிறது. இந்தியக் குறியீடுகள் பெரும்பாலும் வி.யு. என்ற எழுத்துகளில் தொடங்கும். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம். அவருடைய குறியீடு வி.யு.2 ஆர்.ஜி.

நம் மாநிலத்துக்கு இது புதிதும் அல்ல. 1924இல் சி.வி.கிருஷ்ணசாமி செட்டி என்பவர் ஆர்வலர்களைத் திரட்டி மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். அவ்வாண்டு ஜூலை 31 முதல் அந்தக் கிளப் ஒலிபரப்பும் செய்தது. அகில இந்திய வானொலி பிறப்பதற்கு முன்பே நடந்த சங்கதி இது. பணமுடையால் 1927இல் கிளப் நின்றுபோனது. பிறகு சென்னை மாநகராட்சி 1930இல் அந்த ஒலிபரப்பைத் தொடர்ந்தது.

ஹாம் நிலையத்துக்கு டவர் வேண்டாம், கேபிள் வேண்டாம், நடுவில் எந்தக் கம்பெனியும் வேண்டாம். ஒரு செட், ஒரு ஏரியல், ஒரு 12 வோல்ட் பேட்டரி போதும். இரண்டு வகையாக இதைப் பயன்படுத்துகிறார்கள்.

முதல் வகை, கையில் பிடிக்கும் சிறு செட். 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளில் இது பேசும். நேர்க்கோட்டில் செல்லும் அலை என்பதால் ஊருக்குள் சில கிலோமீட்டர் எட்டும்; மாடியில் ஏரியல் கட்டினால் இன்னும் தூரம் போகும். மலை உச்சியில் மறுஒலிபரப்பி வைத்தால் பல மாவட்டங்களை இணைக்கலாம்.

இரண்டாவது வகை, சிற்றலை செட். உதாரணமாக 7 மெகாஹெர்ட்ஸ் அலை மேலே போய், வானின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிப் பூமிக்கு வரும். இதற்கு ஏறத்தாழ 66 அடி நீளமுள்ள சாதாரணச் செம்புக் கம்பியை மாடியில் இழுத்துக் கட்டினால் போதும். காஞ்சிபுரத்திலிருந்து மதுரை, பெங்களூரு, ஐதராபாத் என்று பகல் வேளையில் பேச முடியும். இடையில் எத்தனை டவர் விழுந்து கிடந்தாலும் இதற்குக் கவலையில்லை.

போர்ட் பிளேரில் நடந்தது

இது எந்த அளவுக்குப் பயன்படும் என்பதற்கு 2004ஆம் ஆண்டு சுனாமியே சாட்சி. ஐதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற அம்மையார், சில ஹாம்களுடன் அவ்வாண்டு டிசம்பர் தொடக்கத்தில் போர்ட் பிளேர் சென்றிருந்தார். அந்தமானிலிருந்து ஹாம் ஒலிபரப்பு நடந்து பல ஆண்டுகள் ஆகியிருந்ததால், உலகெங்கும் உள்ள ஹாம்கள் அந்தத் தீவோடு பேச ஆவலாகக் காத்திருந்தனர். பொழுதுபோக்காகவும் பயிற்சியாகவும் நடந்த முயற்சி அது.

டிசம்பர் 26 காலை சுமார் ஆறரை மணிக்கு நிலநடுக்கமும், அடுத்துச் சுனாமியும் வந்தன. மின்சாரமும் தொலைபேசியும் அறுந்தன. விடுதி அறையை விட்டு வெளியே ஓடிவந்த பாரதி பிரசாத், செட்டை வெளியில் கொண்டுவந்து மீண்டும் பேசத் தொடங்கினார். தீவுகளின் நிலையை முதலில் வெளியே சொன்னவர்களில் அவரும் ஒருவர். அடுத்த நாட்களில் அவருடைய குழு அரசு நிர்வாகத்துக்குச் செய்தித் தொடர்பு ஏற்படுத்திக் கொடுத்தது. கார் நிக்கோபாரிலும் நிலையம் அமைத்தார்கள். அந்தமானில் நம் தமிழர்கள் ஏராளமாக வாழ்கிறார்கள் என்பது எல்லோரும் அறிந்ததே. 'உயிரோடு இருக்கிறோம்' என்ற இரண்டு சொற்களுக்காகத் தாயகத்தில் காத்திருந்த குடும்பங்களுக்கு அந்தச் சொற்களைக் கொண்டுவந்து சேர்த்தது இந்த வானொலிதான்.

இலங்கையிலும் இதே கதை. தெற்கே அம்பாந்தோட்டையில் எல்லாத் தொடர்பும் அறுந்தபோது, இலங்கை வானொலிச் சங்கத்தின் அன்றைய தலைவர் விக்டர் குணதிலகவும் அவருடைய நண்பர்களும் சிற்றலை செட்டையும் கார் பேட்டரியையும் கொண்டு அங்கிருந்து கொழும்புக்குத் தொடர்பு ஏற்படுத்தினர். அதற்கு முன் 1999இல் ஒடிசா பெரும்புயல், 2001இல் குஜராத் நிலநடுக்கம் ஆகியவற்றிலும் இந்திய ஹாம்கள் பாதிக்கப்பட்ட இடங்களுக்கே சென்று பணியாற்றினார்கள். 2015 வெள்ளத்தின்போது சென்னை ஹாம்களும் உதவிக்கு வந்தனர்.

இவற்றில் ஒரு பாடம் இருக்கிறது. போர்ட் பிளேரில் செட்டும் ஏரியலும் ஆளும் வெள்ளத்துக்கு முன்பே இருந்தன; மூன்று வாரமாகப் பேசிப் பழகிய குரலும் இருந்தது. சுனாமிக்குப் பிறகு செட் வாங்கக் கிளம்பியிருந்தால் ஒன்றும் நடந்திராது. வெயில் காலத்தில் பழகியதுதான் மழைக் காலத்தில் கைகொடுக்கும்.

வானிலைக்கும் உதவும்

அமெரிக்காவில் சூறாவளி வரும் நாட்களில் ஹாம்கள் 1965 முதல் ஒரு தனி வலையம் நடத்திவருகிறார்கள். புயல் பாதையில் இருக்கும் தீவுகளிலிருந்தும் கப்பல்களிலிருந்தும் காற்றின் வேகம், காற்றழுத்தம், மழை அளவு ஆகியவற்றைக் கேட்டு வாங்கி வானிலை மையத்துக்குத் தருகிறார்கள். ரேடாரும் செயற்கைக்கோளும் மேலிருந்து பார்க்கின்றன. தெருவில் முழங்கால் அளவு தண்ணீரா, இடுப்பளவு தண்ணீரா என்பதைத் தரையில் நிற்பவர்தான் சொல்ல முடியும்.

நாமும் இதைச் செய்யலாம். கடை மாடியில் ஒரு மழைமானி வைத்துத் தினமும் காலை எட்டரை மணிக்கு அளவெடுத்துக் குறித்து வைக்கலாம். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் தண்ணீர் என்று கணக்கு. வானிலைத் துறையின் அளவுகோலில் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.க்கு மேல் பெய்தால் கனமழை, 115.6 மி.மீ. முதல் மிகக் கனமழை, 204.4 மி.மீ.க்கு மேல் போனால் அதி கனமழை. இந்த எண்களைத் தெரிந்து வைத்திருப்பவர் 'நல்ல மழைங்க' என்று சொல்லமாட்டார். 'காலை வரை 130 மில்லி' என்று சொல்வார். அதிகாரிகளுக்கு வேண்டியது அந்த எண்தான்.

வணிகர் ஏன் முன்வர வேண்டும்?

ஊரில் எத்தனையோ பேர் இருக்க, கடைக்காரர் எதற்கு என்று கேட்கலாம். காலை முதல் இரவு வரை ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவர் நாம். மழை நாளிலும் அரை ஷட்டராவது திறந்திருப்பது மளிகைக் கடைதான். பல கடைகளில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் ஏற்கெனவே இருக்கின்றன. எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் சர்க்கரை நோயாளி, எந்த வீட்டில் நெசவாளர் இருபது நாளாகத் தறி ஓடாமல் இருக்கிறார் என்பது நம் பற்று வரவிலேயே தெரியும். எந்தக் கடையில் எத்தனை மூட்டை அரிசி இருப்பு என்பதும் நமக்குத் தெரியும். நிவாரணத்துக்கு வரும் அதிகாரி முதலில் தேடும் விவரங்கள் இவையே.

வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது

இந்த இடத்தில் நம் உறுப்பினர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். ஹாம் ரேடியோவை வியாபாரத்துக்குப் பயன்படுத்தச் சட்டம் இடம் தரவில்லை. விலை கேட்பது, ஆர்டர் கொடுப்பது, லாரி எங்கே வருகிறது என்று குடோனுக்குச் சொல்வது எதுவும் கூடாது. மற்றவர்களின் சொந்தச் செய்திகளையும் சாதாரண நாட்களில் அனுப்பக் கூடாது. இயற்கைப் பேரிடரில் வழக்கமான தொடர்பு அறுந்துவிட்டால், மாவட்ட ஆட்சியர் போன்ற பொறுப்புள்ள அதிகாரிகளின் செய்திகளைக் கொண்டு செல்ல விதிகள் அனுமதிக்கின்றன. சுருங்கச் சொன்னால், 'இந்தத் தெருவில் 200 பேருக்குச் சாப்பாடு தேவை' என்று நிவாரண அதிகாரிக்குத் தெரிவிக்கலாம். 'எனக்குப் பத்து மூட்டை பொன்னி அனுப்பு' என்று மண்டிக்குச் சொல்லக் கூடாது.

கடைக்கும் குடோனுக்கும் இடையே பேசத்தான் வேண்டும் என்றால் அதற்கு வேறு வழி உண்டு. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்கும் குறைந்த சக்தி வாக்கி டாக்கிகளுக்கு 2018 விதிகளின்படி தனி லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் அரசின் கருவி அங்கீகாரம் பெற்ற செட்டாக இருக்க வேண்டும். மலிவு விலையில் கிடைக்கும் பல செட்டுகள் போலீஸ் அலைவரிசை வரைக்கும் பேசக்கூடியவை. அவற்றை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். இப்படிப்பட்ட செட்டுகளை இணையக் கடைகளில் விற்பது குறித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதத்தில் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. மின்னணுப் பொருள் விற்கும் நம் உறுப்பினர்களும் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

லைசென்ஸ் பெறுவது எப்படி?

முதலில் தேர்வு, பிறகு லைசென்ஸ், அதன் பிறகுதான் செட். இந்த வரிசை மாறக் கூடாது. மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. என்னும் வயர்லெஸ் பிரிவு தேர்வு நடத்துகிறது. 12 வயது நிரம்பிய எவரும் எழுதலாம். படிப்புத் தகுதி கேட்பதில்லை. அடிப்படை மின்னியலும் வானொலி விதிகளும் பாடம். இரண்டு நிலைகள் உண்டு. தொடக்க நிலைக்கு மோர்ஸ் சங்கேதம் தெரிய வேண்டியதில்லை. கல்லாவை விட்டு எழ முடியாதவர்கள், பள்ளியில் படிக்கும் பிள்ளைகளை எழுத வைக்கலாம். மகனானாலும் மகளானாலும் அறிவியலில் ஆர்வம் வளர இதைவிட நல்ல வழி கிடையாது.

மின்சாரக் கணக்கு

நம் கடை இன்வெர்ட்டரில் இருக்கும் 150 ஆம்பியர்-மணி பேட்டரியையே எடுத்துக்கொள்வோம். 100 வாட் சிற்றலை செட் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை ஆம்பியர் எடுக்கும்; பேசும்போது அதிகபட்சம் 20 ஆம்பியர் வரை போகும். நாள் முழுதும் கேட்பதற்கு சுமார் 30, விட்டு விட்டு மொத்தம் ஒரு மணி நேரம் பேசுவதற்கு 20, ஆக 50 ஆம்பியர்-மணி. பேட்டரியை முழுக்க வற்றவிடாமல் பார்த்துக்கொண்டாலும் இரண்டு நாள் தாங்கும். சிறிய சோலார் தகடு ஒன்று இருந்தால் இன்னும் நீளும். அந்த நேரத்தில் விளக்கும் விசிறியும் அந்தப் பேட்டரியில் ஓடக் கூடாது என்பதை வீட்டாரிடம் முன்னதாகவே சொல்லி வைப்பது நல்லது!

செய்தி சொல்லும் முறை

2013 ஜூலையோடு நாட்டில் தந்திச் சேவை முடிந்துபோனது. ஆனால் வார்த்தைக்குக் காசு என்று எண்ணிப் பேசிய அந்தத் தந்திப் பழக்கம்தான் இங்கே வேண்டும். எங்கே, எப்போது, என்ன, எத்தனை பேர், என்ன தேவை என்ற ஐந்தும் இருந்தால் செய்தி முழுமை. 'பிள்ளையார்பாளையம். காலை 6 மணி. தெருவில் மூன்றடி தண்ணீர். 12 குடும்பம் பள்ளியில். குடிதண்ணீரும் குழந்தைப் பாலும் தேவை.' இவ்வளவுதான். கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் சரிபார்க்க வேண்டும். நேரம் போட்டு நோட்டில் எழுத வேண்டும். பேரேடு எழுதிப் பழகிய கைக்கு இது புதிதல்ல. கண்ணால் காணாததையும் 'அணை உடைந்ததாம்' போன்ற ஊர்ப்பேச்சையும் ஒருபோதும் அனுப்பக் கூடாது. ஒரு வதந்தி செய்யும் சேதம் வெள்ளம் செய்யும் சேதத்துக்குக் குறைந்ததல்ல.

ஹாம் ரேடியோ எல்லாவற்றையும் செய்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஹாம் மீட்புப் படையல்ல. படகு ஓட்டுவதும் அவர் வேலையல்ல. மறுமுனையில் கேட்க ஆள் இல்லையென்றால் செட் வெறும் பெட்டிதான். போன் வேலை செய்யும்வரை மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணே நமக்கு முதல் வழி. அது ஊமையான பிறகு என்ன செய்வது என்பதற்கே இந்த ஏற்பாடு.

இப்போது தொடங்கலாம்

மேற்கு வங்கத்தில் கங்காசாகர் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோனவர்களைக் குடும்பத்தோடு சேர்க்கும் பணியை அங்குள்ள ஹாம்கள் ஆண்டுதோறும் செய்துவருகிறார்கள். நம் ஊரில் வைகாசி கருட சேவைக்குத் திரளும் கூட்டம் நாம் அறிந்ததே. மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியோடு அங்கே சேவை செய்தால் மக்களுக்கு உதவியாகவும் இருக்கும், நமக்குப் பயிற்சியாகவும் அமையும்.

சங்க உறுப்பினர்கள் செய்ய வேண்டியது மிகச் சிறிது. தெருவுக்கு ஒருவர் வீதம் ஆர்வமுள்ள ஐந்தாறு பேர் பெயர் கொடுக்கட்டும். ஊரில் உள்ள பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரி ஆசிரியர்களின் துணையோடு ஞாயிறு மாலைகளில் பாடம் நடத்தலாம். கோடைக்குள் தேர்வு எழுதி லைசென்ஸுக்கு விண்ணப்பித்துவிட்டால், கையில் கிடைத்ததும் செட் வாங்கிப் பேசிப் பழகலாம். ஆட்சியர் அலுவலகப் பேரிடர் பிரிவில் நம் ஹாம்களின் பெயரையும் அழைப்புக் குறியீட்டையும் முன்கூட்டியே பதிந்து வைத்தால், தேவையான நேரத்தில் நம்மைத் தேட வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்காது.

இதில் ஒரு பைசா லாபம் கிடையாது. சட்டமே அதைத் தடுக்கிறது. ஆனால் நம்மிடம் கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் மழை முடிந்து பத்திரமாகத் திரும்பி வந்து தறியில் உட்கார்ந்தால்தான் நம் கல்லாவும் நிறையும். பெயர் கொடுக்க விரும்புவோர் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது செயலாளரிடம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.